புதுக்காலனி சைபர்

செஞ்சியைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் கிலோமீட்டர் கல்லில் இருப்பது கோவிந்தசாமியின் கையெழுத்துதான். இருபத்தாறு வருஷமாக ஒப்பந்தக் கூலிக்கு எழுதுகிறார். இத்தனை ஊர்ப் பெயர்களில் அவருக்கு எழுதக் கிடைக்காத ஒரே பெயர், தான் பிறந்த புதுக்காலனி.

சாலை மேற்பார்வையாளர் முருகையனிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"அது ஊருக்கு வெளிய இருக்குதுய்யா. சென்டர்லருந்து அளந்துதான் கல்லு வெப்பாங்க. வெளிய இருக்கிறதுக்கு இன்னாத்துக்குக் கல்லு?"

அந்த 'வெளிய' பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி கோவிந்தசாமியை உறுத்திக்கொண்டே இருந்தது.

போன தை மாதம், பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்குச் சுவரில் பிரபஞ்சம் வரையக் கூப்பிட்டார்கள். நட்சத்திரங்களை வாரி இறைத்தார். பழக்கதோஷம், நட்டநடுவில் மஞ்சள் தலையோடு ஒரு கல்லை வரைந்து '0' போட்டுவிட்டார்.

அறிவியல் டீச்சர் ஜெயசுதா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயய்யோ, அதை அழிங்கண்ணா! பிரபஞ்சத்துக்கு சென்டரே கிடையாது."

"விரிஞ்சிக்கினே போகுதுன்னீங்களே டீச்சர், எங்கனா ஒரு எடத்துலருந்துதான விரியணும்?"

"திண்டிவனம் ரோடு மொத்தமும் ரப்பர் மாதிரி இழுபடுதுன்னு வெச்சிக்குங்க. ஒரு கல்லுகிட்ட நின்னு பாத்தா இன்னா தெரியும்?"

எல்லாம் அவர் எழுதிய கற்களாயிற்றே. ஒவ்வொன்றின் அருகிலும் மனசுக்குள் போய் நின்று பார்த்தார். "மத்த கல்லெல்லாம் என்னை விட்டு ஓடுது. எந்தக் கல்லுல நின்னாலும் அப்டித்தான் ஓடுது."

"அவ்ளோதாண்ணா. ரோட்டுக்காவது முனை இருக்குது. பிரபஞ்சத்துக்கு முனைய யாரும் பாத்ததில்ல."

"அப்ப சென்டரு எது, வெளிய எதுன்னு?"

"யாரும் சொல்ல முடியாது."

கோவிந்தசாமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவ்வளவு பெரிய பிரபஞ்சமே சென்டர் இல்லாமல் பிழைப்பு நடத்துகிறது. முருகையனுக்கு மட்டும் அது இல்லாவிட்டால் சோறு இறங்காதாம்.

வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய கல்லுக்குப் புது வர்ணம் அடித்து, மறுநாளே காலனி முனையில் நட்டார். அந்த வழியாக வந்த முருகையன் கல்லைப் பார்த்துப் பைக்கை விட்டு இறங்கினார்.

"யாரைக் கேட்டு வெச்ச? புதுக்காலனி சைபரா? இது இன்னா சென்டரா?"

"இல்ல சார். சென்டருன்னே ஒண்ணு இல்லியாம். எங்கருந்து வேணா அளக்கலாமாம்." கோவிந்தசாமி கல்லின் கீழ்வரியைக் காட்டினார். "செஞ்சி நாலு. நீங்கதான் சார் எங்களுக்கு நாலு கிலோமீட்டர் வெளிய இருக்கீங்க."

முருகையன் கல்லை இரண்டு தரம் படித்தார். எழுத்திலும் பிழையில்லை, தூரத்திலும் பிழையில்லை.