ஒரு டீபி

மகளின் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டில் இருந்தபடியே நோட்டீஸ் அடித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. கோயில் திருவிழா நோட்டீஸை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். புது டிஸ்க் இருந்தால் அவளே மாட்டிக்கொள்வாள். ஆனால் பிள்ளை பெற்று இருபது நாள்தான். மழையில் வெளியே போகக் கூடாது. அதனால் நான் ஹட்டனுக்குப் போனேன்.

எனக்குக் கடையில் உப்புக் கேட்கவே வாய் வராது. அது தெரிந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்திருந்தாள். மழையில் காகிதம் நனைந்து மை கலைந்துவிட்டது.

கம்ப்யூட்டர் கடை முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஹார்ட் டிஸ்க்னு மட்டுந்தான் தெரியுதும்மா. ஒரு டீபி போதுமா, ரெண்டு டீபி வேணுமா?"

எங்கள் தோட்டத்தில் டீபி என்றால் ஒன்றுதான். டப்பியில் சளி துப்பிக் கொடுத்து, ஆறு மாதம் மாத்திரை விழுங்குகிற வியாதி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எனக்கு ஒரு டீபியும் இல்லைங்க முதலாளி. போன மாசந்தான் சளி பாத்தாங்க."

சொல்லி முடிக்கும்போதா அந்தப் பாழாய்ப்போன இருமல் வர வேண்டும்? பக்கத்தில் நின்ற ஒரு அம்மா இரண்டடி தள்ளிப் போனார்.

முதலாளி சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். "வியாதி இல்லம்மா, அளவு. கொழுந்துக் கூடை பெருசு சின்னது இல்லையா? அந்த மாதிரி."

"அப்ப ஒண்ணு போதுங்க."

"சுத்துறதா, சுத்தாததா?"

சுற்றுகிறதில் உள்ளே தட்டு சுழலுமாம். குலுங்கி அடிபட்டால் கெட்டுப்போகலாமாம். வீட்டுக்குத் திரும்பும் நோர்வூட் பாதையின் வளைவுகளை நினைத்தேன். அந்த பஸ்ஸில் எனக்கே தலை சுற்றி வாந்தி வரும்.

"சுத்தாததையே குடுங்க. பஸ்ஸில சுத்துறதுக்கு நான் ஒருத்தி போதும்."

நானா இவ்வளவு பேசினேன்!

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தேன். குலுக்கலில் எங்கே நழுவிவிடுமோ என்று பயம். அந்நேரம் மகள் எனக்குப் போன் எடுத்தாள். கம்பியில் சாய்ந்துகொண்டு காதில் வைத்தேன்.

"கெடைச்சிச்சாம்மா? எத்தனை டீபி?"

"ஒண்ணு!"

"கேக்கலம்மா!"

பஸ் இரைச்சலுக்கு மேலே கத்தினேன். "எனக்கு ஒரு டீபி இருக்குன்னு சொல்றேன்!"

முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்கள். வெட்கத்தில், விவரம் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

நோர்வூட் வரைக்கும் ஜன்னலோரம் நான், பக்கத்து சீட்டில் டிஸ்க்.

நோட்டீஸ் வெள்ளிக்கிழமையே போய்விட்டது. இருமல் மட்டும் போகவில்லை. பஸ்ஸுக்கு உதவும் என்று நானும் விரட்டவில்லை.