பிப்ரவரிக்குச் சேர்த்துவைத்த பலம்

எந்தப் பந்தயமானாலும் முழு மூச்சாக ஓட்டிவிடுவது என் வழக்கம். சீசன் தொடக்கத்துச் சின்னப் பந்தயங்களில் கோப்பை வாங்குவேன். பிப்ரவரியில் மாநில சைக்கிள் பந்தயம் வரும்போது கால்கள் கட்டையாகிப் போயிருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் லேத் பிரிவில் எனக்கு ஒரு தோழி. ஆரம்பாக்கத்துக்காரி. அவளும் சைக்கிள் ஓட்டுகிறவள். கேன்டீனில் ஒருநாள் சொன்னாள்: "எல்லாத்தையும் ஜெயிக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தா எதுவும் தேறாது. பிப்ரவரிய மட்டும் மனசுல வச்சிக்க. அங்கேர்ந்து பின்னாடி எண்ணிக்கினு வா."

அப்படியே செய்தோம். மழைக்காலம் முழுக்க, ஷிப்டு முடிந்ததும், பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில் வெகுதூரம் போய்வந்தோம். வேகம் கூட்டினால் அதட்டுவாள். டிசம்பர் கடைசியில் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பந்தயம். அதற்காகப் பயிற்சியைக் குறைக்கவில்லை. களைத்த கால்களோடு கடைசிக் கூட்டத்தில் வந்து சேர்ந்தேன்.

"இன்னா ஆச்சு உனக்கு? போன வருசம் நீதானே மொதல்ல வந்த?" என்றார் என் கணவர்.

"இதுவும் பயிற்சிதாங்க" என்றேன். எனக்கே பாதி நம்பிக்கைதான்.

பொங்கலுக்குப் பிறகு பள்ளிப்பட்டுப் பக்கத்து மேடுகளில் மூச்சு முட்ட ஏறினோம். ஆனால் அதைவிடக் கஷ்டம், பந்தயத்துக்கு முந்தைய வாரம். கொஞ்சமாக ஓட்டி, நிறைய ஓய்வெடுக்க வேண்டும். கால்கள் துருதுருத்தன. இருக்கும் பலமும் வடிந்துவிடுமோ என்று பயம். ஓய்வு நாளன்று விடியற்காலையில் சத்தமில்லாமல் சைக்கிளை வெளியே எடுத்தேன். இரண்டு டயரிலும் காற்றில்லை.

"நான்தான் புடுங்கிவுட்டேன்" என்று வாசலுக்கு வந்தார் கணவர். "நீ இப்டிப் பண்ணுவேன்னு உன் பிரண்டு போன்ல சொல்லிச்சு. ஊட்டுக்குள்ள வா, நாஷ்டா துன்னு."

பந்தயத்தில் கடைசிச் சுற்று வரை கூட்டத்துக்குள்ளேயே இருந்தேன். எதிர்காற்றில் மூன்று பேர் பிய்த்துக்கொண்டு முன்னே போனார்கள். நானும் எழுந்து மிதித்தேன். மிதிக்க மிதிக்கக் கால்கள் கொடுத்துக்கொண்டே இருந்தன. ஒருத்தியைத் தாண்டினேன். அடுத்தவளையும். முதலில் போனவளின் பின்சக்கரத்தை நெருங்கியபோது கோடு வந்துவிட்டது.

இரண்டாமிடம். தோழி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் ரோடு இருந்தா புட்ச்சிருப்படி!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நினைப்பே இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பழவேற்காட்டுக்குப் போய் இறால் சாப்பிட்டோம். நடுவில் தோழி அடுத்த சீசனைப் பற்றி ஆரம்பித்தாள்.

"மொதல்ல எறாலை முடிடி" என்றேன்.