மூன்றாம் நாள் புழு தேடி மாரண்டஹள்ளிக்கு

ஓசூரிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் பஸ் வழி கேட்டு அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு வழி எனக்குத் தெரியும். ஆனால் நான் அருவி பார்க்கப் போனவள் இல்லை. 1986 ஆகஸ்டில் பட்டுப்புழு வாங்கப் போனேன்.

அப்போது பெங்களூரில் மூலக்கூறு உயிரியல் ஆய்வு மாணவி, ஐந்தாம் வருடம். உடம்பின் எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுவும் இருக்கிறது. ஆனால் பட்டு நூலுக்கான மரபணு பட்டுச் சுரப்பியில் மட்டும், அதுவும் சில நாட்கள் மட்டுமே வேலை செய்யும். வீடு முழுக்க ஒயரிங் இருந்தும் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிவது மாதிரி. அந்த ஸ்விட்ச்சைத் தேடித்தான் என் இருபதுகள் போயின. சோதனை மூன்று முறை சொதப்பியிருந்தது. மாதக் கடைசிக்குள் தெளிவாக ஏதாவது வராவிட்டால் ஆய்வை மூடிவிடலாம் என்றார் கைடு. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அலுப்போடு சொன்னார்.

கடைசித் தோல் உரித்து மூன்றாம் நாளில் இருக்கும் புழு வேண்டும். மாரண்டஹள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் புழு வளர்த்த முனிராஜுவுக்கு, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று கார்டு போட்டிருந்தேன். சுரப்பியை உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் செவ்வாய் மாலைதான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அவர் ஊரில் போன் கிடையாது. புதன் காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன்.

ஓசூர் நாற்பது கிலோமீட்டர். அங்கே வண்டி மாறினால் இன்னும் ஐம்பது சொச்சம். இரண்டு டிக்கெட்டும் சேர்த்துப் பத்து ரூபாய்க்குள். நைட்ரஜன் குடுவையைப் பால் கேன் என்று நினைத்து லக்கேஜ் போட வந்த கண்டக்டர், மூடியோரம் கசிந்த வெண்புகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னங்க மேடம் இது, பொகையுது?"

"புகையில்லைங்க, குளிரு. ஐஸைவிடக் குளிரு."

"எதா இருந்தாலும் கடைசி சீட்டுக்குப் போயிருங்க."

அந்தச் சாலையில் கடைசி சீட்டு என்றால் இடுப்பை மறந்துவிட வேண்டியதுதான். ராயக்கோட்டைக்கு முன்னால் டயர் பஞ்சர், ஒன்றரை மணி நேரம் போனது. மாரண்டஹள்ளியில் இறங்கும்போது பதினொன்றேகால். தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய மாட்டு வண்டியில் இடம் கிடைத்தது.

முனிராஜு இலை வெட்டப் போயிருந்தார். அவர் மனைவி லட்சுமம்மா, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கால் கழுவச் சொல்லிப் புழு அறைக்குள் கூட்டிப் போனார். மற்றத் தட்டுகளில் இலை கடிபடும் சத்தம் தூறல் மாதிரி கேட்டது. எனக்காக ஒதுக்கிய தட்டில் சத்தமே இல்லை. ஓர் இலைகூடக் கிடையாது. புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன.

"நேத்து நீங்க வரலைங்களே. இலை போட்டா நாலாம் நாளு புழுவாயிரும். மூணாம் நாளுதான் வேணும்னு எழுதியிருந்தீங்க. அதான் நேத்து மத்தியானத்துலருந்து இலை போடாம நிறுத்தி வெச்சேனுங்க" என்றார். மழையில் இலை வெட்ட முடியாவிட்டால் அப்படித்தான் வளர்ச்சியைத் தள்ளிப் போடுவார்களாம்.

பட்டினி கிடந்த புழுவை வைத்து நான் எதை அளப்பது? சுவரோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஐந்து வருட அலுப்பும் அந்த இடத்தில்தான் வந்து இறங்கியது.

"தப்பு பண்ணிட்டேனுங்களா மேடம்?"

"உங்க தப்பில்லைங்க. நான்தான் லேட்டு."

லட்சுமம்மா சொன்னார்: "பாதிக்கு இப்ப இலை போடறேன். காலையில தெளிஞ்சிரும். இன்னிக்கு எங்க வூட்டுலயே தங்கிக்கங்க. எது ஒதவுதோ அத எடுத்துட்டுப் போங்க."

நைட்ரஜன் எவ்வளவு மிச்சம் என்று குடுவைக்குள் குச்சி விட்டுப் பார்த்தேன். மறுநாள் வரை தாங்கும். சரி என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வெறுங்கையோடு கைடு முன்னால் போய் நிற்கத் தெம்பில்லை. அன்று பட்டினிப் புழு இருபதை அறுத்துச் சுரப்பிகளை உறைய வைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு, இலை தின்றவை இருபது.

பத்து நாள் கழித்து, மரபணு வேலை செய்திருந்தால் கறுப்பாகக் காட்டும் எக்ஸ்ரே பிலிமைக் கழுவினோம். பட்டினிப் புழுவின் இடம் வெறுமை. தின்ற புழுவின் இடத்தில் மை பூசியது போலக் கறுப்புப் பட்டை. பசியில் அணைந்த மரபணு, ஒரே நாள் இலையில் எரியத் தொடங்கியிருந்தது. கைடு பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பட்டினி போட்டுப் பார்க்கணும்னு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார்.

"தோணிச்சு சார்" என்றேன்.

போகிறவர்களுக்கு: ஓசூரில் ஏழு மணிக்கு முன் பஸ் ஏறுங்கள், முன்பக்கம் உட்காருங்கள். புழு வளர்க்கும் வீட்டுக்குள் சென்ட், பூ வேண்டாம். வருகிறேன் என்று சொன்ன நாளில் போய்விடுங்கள், உங்கள் சொல்லை நம்பி அங்கே வேலை நடக்கும்.

அந்தப் பிலிம் என் ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயம் ஆனது. அதை வைத்து வேலை, பிறகு சொந்த ஆய்வகம். நன்றியுரையில் குடுவை இரவல் தந்தவர் பெயர்கூட உண்டு, லட்சுமம்மா பெயர் இல்லை. கைடு கேட்டதையே அப்புறம் எத்தனையோ பேர் கேட்டார்கள். ஓய்வு பெறும் வரை அதே பதிலைத்தான் சொன்னேன். பட்டினி போட்டதும் லட்சுமம்மா, பாதிக்கு இலை போடலாம் என்றதும் அவர். நான் செய்ததெல்லாம் ஒரு நாள் தாமதமாகப் போனதுதான்.