சம்மதத்தின் பேரில்

பெங்களூருக்கு வந்த புதிதில் ஒரு காலை, ரிச்சர்ட்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் மதில் மேல் எட்டிப் பார்த்து, "நிம் யஜமான்ரு ஏன் மாட்தாரே?" என்று கேட்டார். எஜமானர் என்றால் முதலாளி, அதுதான் எனக்குத் தெரிந்த தமிழ். எங்கள் மேனேஜர் என்ன செய்கிறார் என்று கேட்பதாக நினைத்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறார், தங்கமான மனிதர், மனைவி மைசூர்க்காரர், இரண்டு பெண் குழந்தைகள் என்று வாயாலும் கையாலும் சொல்லி முடித்தேன். மேலே ஏறிய அந்த அம்மாளின் புருவம் இறங்கவே இல்லை. கன்னடத்தில் யஜமானர் என்றால் கணவர் என்று ஆபீஸில் சொன்னபோதுதான் விளங்கியது. சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்தேன். என் கணவர் ஜெயராஜ் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் உன் மேனேஜர் பேச்சு எதற்கு வந்தது என்று கேட்டார்.

இருவரும் வேலூர்தான், ஒரே திருச்சபை. தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை. ஊரில் இருந்தபோதே அவருக்குச் சந்தேகம் உண்டு. கோயிலில் யாரைப் பார்த்துத் தலையசைத்தேன் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் விசாரணையாகும். இங்கே வந்தபின் அதற்கு மொழியும் சேர்ந்துகொண்டது. எனக்குக் கன்னடம் சீக்கிரம் வந்தது, அவருக்கு வரவில்லை. கீரைக்காரரிடம் நான் பேசினால்கூட என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய் என்று தமிழில் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தாலும் நம்ப மாட்டார். கம்பெனி பஸ் தாமதமான ஒரு சாயங்காலம் கன்னத்தில் விழுந்த அடியில் தாடை வீங்கிப்போனது. ஆபீஸில் பல்வலி என்றேன். அதற்குப் பிறகும் பல்வலிகள் வந்தன. கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டு, நீயும் வருகிறாயா இல்லையா என்று கேட்டார். நான் வரவில்லை என்றேன். அவர் மட்டும் வேலூருக்குப் போய்விட்டார்.

சிவில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வக்கீல் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர், தமிழில் பேசுவார். என் கதையைச் சொல்லத் தொடங்குவதற்குள், "நீங்க ஹிந்துவா, கிறிஸ்டியனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்தவள் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்துக்களாக இருந்தால் இருவரும் சம்மதித்துப் பிரியலாம், கொடுமை என்று ஒருவர் மட்டும் வழக்குப் போடலாம். எங்களுக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதில் சம்மதத்துக்கே இடமில்லை. கணவன் வழக்குப் போட்டால் மனைவிக்கு வேறொருவனோடு தொடர்பு என்று காட்டினால் போதும். மனைவி போட்டாலோ, அவனுக்குத் தொடர்பு இருப்பதையும் காட்டி, அதோடு அடித்தான் அல்லது கைவிட்டான் என்றும் காட்ட வேண்டும். அடி மட்டும் போதாது. அடியை வைத்துச் சட்டப்படி விலகி வாழ உத்தரவு வாங்கலாம், ஆனால் மனைவி மனைவிதான்.

நான் நம்பவில்லை. என்னை அலைக்கழிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். என் பக்கத்து மேசையில் உட்காரும் பெண்ணுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? மர்பி டவுனில் இன்னொரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவரும் அதையேதான் சொன்னார். இருவரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூடத் தோன்றியது. கணவரின் சந்தேகத்திலிருந்து தப்பி வந்தவளுக்கு, அதற்குள் அவருடைய கண்ணே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் ஜெயராஜ் வந்தார். வீட்டுக்கு வேண்டாம் என்று அல்சூர் ஏரிக்கரையில் சந்தித்தேன். இளைத்திருந்தார், குரல் மென்மையாக இருந்தது. அவரும் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார். "நான் உன் மேல கேஸ் போடறேன். உனக்கு இங்க ஒருத்தரோட பழக்கம்னு எழுதுவாங்க. நீ கோர்ட்டுக்கு வராம இருந்துடு, சீக்கிரம் முடிஞ்சிடும். ஊர்ல யாருக்கும் தெரியாது" என்றார். இத்தனை வருடமாக என்மேல் சொல்லிவந்த அதே குற்றத்தை, இப்போது எனக்குச் செய்யும் உதவி மாதிரி நீட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

தங்கவயல் வக்கீலம்மா நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். ஜெயராஜ் சொல்லும் வழி இருப்பது உண்மைதான் என்றார். ஆனால் இருவரும் சேர்ந்து நாடகம் போடுவது தெரிந்தால் கோர்ட் வழக்கையே தள்ளிவிடும். தெரியாமல் போனால் அதைவிட மோசம். "நீங்க போகலன்னா, மறுத்துப் பேச ஆளே இல்லன்னு ஆயிடும். அவர் வெளியே வந்துடுவார். அந்தப் பேரு உங்களோடவே இருக்கும்" என்றார். அவரை நான் முழுதாக நம்பியது அன்றுதான். ஜெயராஜுக்குப் போன் செய்து முடியாது என்றேன். அப்படியானால் சாகும்வரை என் மனைவியாகவே இரு என்று சொல்லி வைத்துவிட்டார். பயம் இருந்தது. என்றாலும் அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் சட்டம் மாறியது. வக்கீலம்மாதான் ஆபீஸுக்குப் போன் செய்து சொன்னார். இனி கொடுமை மட்டுமே காரணமாகப் போதும். இல்லையென்றால், இரண்டு வருடமாகப் பிரிந்து வாழ்பவர்கள் சேர்ந்து மனுப் போட்டு, குறைந்தது ஆறு மாதம் காத்திருந்து, மறுபடி வந்து சம்மதம் சொன்னால் விடுதலை. நான் முதல் வழியையே கேட்டேன். அவர் அடித்தார் என்று ஒரு நீதிபதியாவது சொல்லி நான் கேட்க வேண்டும். பார்த்த சாட்சி யார் என்று கேட்டார் வக்கீலம்மா. ஆபீஸ் முழுக்கப் பல்வலி என்று சொல்லி வைத்தவளுக்குச் சாட்சிக்கு எங்கே போவது? வருடக்கணக்கில் இழுக்கும், குறுக்கு விசாரணையில் உங்களைத்தான் பிய்த்தெடுப்பார்கள் என்றார். கடைசியில் சம்மத வழிக்கு ஒத்துக்கொண்டேன். அதில் யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுத்தம்தான் எனக்குக் கசந்தது.

ஜெயராஜ் உடனே சரி என்றார். ஏன் இவ்வளவு சுலபமாகச் சரி என்கிறார் என்று எனக்குள் அரித்தது. மறுகல்யாணத்துக்குப் பெண் பார்த்திருப்பார், அது நமக்கெதற்கு என்றார் வக்கீலம்மா. ஒருவர் மனம் மாறினாலும் எல்லாம் வீண் என்று அவரே சொல்லியிருந்ததால், காத்திருந்த அந்த மாதங்களில் போன் மணி அடித்தாலே ஜெயராஜ் பின்வாங்கிவிட்டார் என்றுதான் நினைப்பேன்.

ஆனால் அவர் கோர்ட்டுக்கு வந்தார். எங்களைக் கூப்பிட்டபோது, இருவருக்கும் பொதுவாக நின்ற வக்கீலம்மா பக்கத்து அறையில் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். நீதிபதி ஜெயராஜைப் பார்த்து, "நிமகே யாராதரூ பலவந்த மாடிதாரா?" என்று கேட்டார். ஜெயராஜ் விழித்தார். அறையில் வேறு யாரும் தமிழில் வாய் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன்:

"உங்கள யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு கேக்கறார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நீதிபதியை, டைப் அடிப்பவரை, மறுபடி என்னை. "அவ்ளோதான் கேட்டாரா?" என்றார் மெதுவாக.

"அவ்ளோதான்."

அந்த அறையில் என் வார்த்தையை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. நம்ப முடியாமல் அவர் பட்ட பாட்டை நான் நேருக்கு நேர் பார்த்தேன். என்னை அடித்தார் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதுமானதாக இருந்தது. "இல்ல" என்றார் கடைசியில். அது கன்னடத்திலும் அதே சொல்தான். நீதிபதி தலையசைத்தார்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு வேலூர் போனேன். கோயில் வாசலில் யாரோ விசாரித்தபோது என் அம்மா, "மாப்பிள்ளைக்கு இங்க வேலை, இவளுக்கு அங்க வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விடுதலையானது அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். நான் திருத்தவில்லை. திரும்பும்போது காட்பாடியில் ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஜோலார்பேட்டை தாண்டினால் கொஞ்ச தூரம் ஆந்திரா. குப்பம் ஸ்டேஷனில் பெயர்ப்பலகை தெலுங்குக்கு மாறியிருந்தது. அங்கே ஏறி எதிரே உட்கார்ந்த ஒரு பெண், "மீதி ஏ ஊரு?" என்று கேட்டாள். ஊரைக் கேட்கிறாள் என்பது புரிந்தது. "வேலூர்" என்றேன். சொன்னது பொய் மாதிரி இருந்தது. "பெங்களூர்" என்றேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. அவளோ, வேலூரிலிருந்து பெங்களூருக்குப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினாள். வண்டி நகர்ந்தது.