இறங்கப் பழகாதவர்கள்

மொன்ட்ரியால் நகரத்தின் நடுவில் இருக்கிற மலையை மலை என்று சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள். ஆனாலும் அந்த வசந்தம் முழுவதும் நான் அதில் சைக்கிளில் ஏறினேன். ஐம்பதைத் தொட்ட பிறகு கால்கள் ஓரிடத்தில் நிற்க மறுத்த வசந்தம் அது. கோடையில் சுவிஸுக்குப் போய் அல்ப்ஸ் மலைகளுக்குள் ஒரு 'கொல்' ஏறுவோம் என்று மகள் சொல்லியிருந்தாள். பிரெஞ்சில்தான் சொன்னாள். தமிழில் அதைக் கணவாய் என்பார்கள் என்றேன். "அது கறி எல்லோ அம்மா?" என்றாள், வீட்டில் சமைக்கிற கணவாய் மீனை நினைத்து.

நான் ஏறுவேன். மேலே, நகரம் தெரிகிற இடத்தில், என் கணவர் காரோடு நிற்பார். பிளாஸ்கில் தேநீர் இருக்கும். நான் மூச்சு வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் சைக்கிளைக் காருக்குப் பின்னால் கட்டிவிடுவார். "வேர்வையோட காத்துக்குள்ள இறங்கினா சளி பிடிக்கும், ஏறும்" என்பார். ஹீற்றரின் சூட்டில், எங்கள் வீடு இருக்கிற மொன்ட்ரியால்-நோர் வரை தூங்கிக்கொண்டே வருவேன். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நான் சைக்கிள் பழகிய யாழ்ப்பாணம் தட்டுப் போலத் தட்டை; ஒரு மதகு வந்தால்தான் சக்கரம் தன்பாட்டில் உருளும். இறக்கம் என்று ஒன்றை நான் என் வாழ்நாளில் ஓடியதே இல்லை.

கணவாயின் அடிவாரத்தில் வாடகைச் சைக்கிளில் ஏறியபோதும் அது ஞாபகம் வரவில்லை. திட்டம் பழைய திட்டம்தான்: மகளும் நானும் முன்னால், அவர் பிந்தி வாடகைக் காரில், மேலே தேநீர், பிறகு காருக்குள் நான்.

பயம் ஏறும்போதே தொடங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவுக்குப் பிறகு பாறை என் பக்கம். அடுத்ததற்குப் பிறகு வெறுமை என் பக்கம். விளிம்பில் முழங்கால் உயரக் கற்கள், பல் விழுந்த வாய் போல இடைவெளி விட்டு விட்டு. அதற்கப்பால் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததிலிருந்து மாட்டு மணிச் சத்தம் வந்தது. மாடுகள் என் பாதங்களுக்குக் கீழே எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்தன. வெறுமை என் பக்கம் வரும்போதெல்லாம் வீதியின் நடுக்கோட்டுக்குப் போய்விடுவேன். பின்னால் வருகிற கார்கள் ஹோர்ன் அடிக்கும். "அம்மா, ஓரமா வாங்கோ!" என்று மகள் கத்துவாள். ஓரம் எங்கே இருக்கிறது?

உச்சியில் கணவாயின் பெயர்ப்பலகை. அதை மறைத்து எத்தனையோ நாட்டுச் சைக்கிள்காரர் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர்கள். நிழலில் அழுக்குப் பிடித்த பனி. ஈய நிறத்தில் ஒரு சிறிய ஏரி. அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் நான் அழகைத் தேடவில்லை, காரைத் தேடினேன். இல்லை.

போன் அடித்தது.

"இஞ்சரும்," என்றார். குரல் அவருடையது போல இல்லை. "நான் பாதி வழியிலை நிக்கிறன். வளைவிலை ஒரு இடம் இருந்தது, அதிலை நிப்பாட்டினனான். பேந்து ஸ்டார்ட் பண்ணக் கை வருகுதில்லை."

"என்னப்பா சொல்லுறியள்? மொன்ட்ரியால் ஸ்னோவுக்குள்ள ஓடுற ஆள் நீங்கள்!"

"ஸ்னோ தரையிலை எல்லோ கிடக்கு. இஞ்ச தரையே இல்லை."

அதோடு இணைப்பு அறுந்துபோனது. திரும்ப எடுத்தால் போகவில்லை.

கணவாய்க்கு வந்துபோகிற மஞ்சள் பஸ்ஸில் அன்றைய கடைசி, நாங்கள் ஏறும்போதே எங்களைத் தாண்டி இறங்கியிருந்தது. எனக்கும் கார் ஓடத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. மெட்ரோ இருக்கிற ஊரில் வளர்ந்த பிள்ளை. ஏரியின் அடுத்த கரை மறைந்தது. பிறகு ஏரி மறைந்தது. கீழேயிருந்து மேகம் எங்களை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது.

"அலே, வாங்கோ அம்மா, இறங்குவம்," என்றாள் மகள். "இறக்கம்தானே சுகம்."

என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"நீங்கள் ஒருக்காலும்... மொன்ட் ரோயலிலை கூட?"

"கொப்பர்தானே காரோட நிப்பார்."

அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

இரண்டு கைகளாலும் பிறேக்கை நசித்துப் பிடித்தபடி இறங்கினேன். வேர்த்த சட்டை முதுகில் ஐஸாக ஒட்டியது. முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்குத்தான் வீதி இருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. விரல்கள் விறைத்து, யாரோ வேறொருத்தியின் விரல்கள் போல ஆகின. றப்பர் எரிகிற மணம் வந்தது.

"பிறேக் எரியுது அம்மா! பிடிச்சுக்கொண்டே இராதேங்கோ. பிடிச்சு விடுங்கோ, பிடிச்சு விடுங்கோ."

"விடுறதெண்டா எப்பிடியடி விடுறது?"

விடமுடியவில்லை. இறங்கிவிட்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு பாறையோரமாக நடந்தேன். இப்படியே நடந்தால் இருட்டிவிடும், அதற்குள் குளிர் எங்களைத் தின்றுவிடும் என்று தெரிந்தும் நடந்தேன். அந்த வெள்ளைக்குள் எங்கேயோ அவர் தனியாக இருக்கிறார். காரைத் திருப்பப் போய்ப் பின்சக்கரம் அந்தப் பல் விழுந்த கற்களுக்கிடையில்... நினைப்பை முடிக்கவில்லை. மகளும் அதையே நினைத்திருப்பாள். அவளும் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

வளைவு திரும்பியபோது மேகத்துக்குள் ஓர் உருவம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு கை பாறையைத் தடவிக்கொண்டு வந்தது, குருடர் சுவரைத் தடவுவது போல. மற்றக் கையின் கக்கத்தில் பிளாஸ்க்.

"ஆறிப்போச்சு," என்றார் எங்களைக் கண்டதும். அந்தத் தேநீரை மூன்று பேரும் மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தோம். "அப்பா, நடந்தே வந்தனீங்கள்?" என்று மகள் கேட்டாள். "பின்ன? கால் எண்டால் சொன்னதைக் கேக்கும்," என்றார்.

காரடிக்கு நடந்து போனோம். சைக்கிளைப் பின்னால் கட்டிவிட்டு நான் ஏறி உட்கார்ந்திருக்கலாம்; ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

"கோடு தெரியேல்லை. முன்னாலை ஆரும் சைக்கிள்ளை போனா, பின்னுக்கு எரியிற சிவப்பு லைற்றைப் பாத்துக்கொண்டு ஓடிடுவன்."

"நான் போறன்," என்றாள் மகள்.

"நீ பறப்பாய். கொம்மா போகட்டும். கொம்மாதான் நான் ஓடுற வேகத்திலை போவா."

மகள் நின்று கை காட்ட, அவர் காரை இறக்கம் பார்க்கத் திருப்பினார். இப்படித்தான் நான் இறங்கினேன். முன்னால் மேகத்துக்குள் எங்கேயோ மகளின் குரல்: "பிடியுங்கோ... விடுங்கோ." பின்னால் என் சிவப்புப் புள்ளி ஒன்றையே நம்பி, முதல் கியரில் உறுமிக்கொண்டு வருகிற கார். நான் நின்றால் அவரும் நிற்பார். நின்றால் திரும்ப அவருக்குக் கை வராது. அதனால் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் காரின் வெளிச்சம் என்னைத் தாண்டிப் போய், என் நிழலைத் தூக்கி விளிம்புக் கற்களுக்கு அப்பால், மேகத்தின் மேல் எறிந்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் விழுவதை நானே பார்த்தேன். பிடித்தேன். விட்டேன். திரும்பப் பிடித்தேன். கடைசி வளைவு வரைக்கும் அந்தப் பயம் ஓர் இம்மியும் குறையவில்லை. குறையும் என்று சொல்கிறவர்கள் அந்த வீதியில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

பிறகு மாட்டு மணி கேட்டது. கீழிருந்து அல்ல, பக்கத்தில், என் காது மட்டத்தில். வேலிக்கு அப்பால் ஒரு மாடு ஈர மூக்கோடு எங்களைப் பார்த்தது.

கால் ஊன்றினேன். பிறேக்கிலிருந்து விரல்களை மகள்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. அவருடைய முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

"இஞ்சரும்," என்றார். "வேர்வையோட காத்துக்குள்ள நிக்காதையும். ஏறும்."