எங்கள் அண்ணனும் ஈரமாவுப் போசியும்

முதலில் என் கையெழுத்துக்காகவும் எழுத்துப் பிழைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அண்ணனின் வருடப் படையலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இதை அச்சடிக்கிறோம். அச்சகக்காரர் என் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எழுத்துங்களா, கோழி கிளறுனதுங்களா?" என்று கேட்டார். அவர் திருத்தியது போக மிச்சம் இருக்கும் பிழைகள் எல்லாம் என்னுடையவை. அண்ணனைப் பற்றி எழுத அவருடைய மகன் இருக்கிறான். எங்கள் அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் மச்சான், நன்றாகப் பேசக்கூடியவர். அப்படியிருந்தும் நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்கு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அப்படித் திறக்காமல் போனதால் வந்த கெடுதலைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது.

எங்கள் அண்ணன் மல்லசமுத்திரத்துக்கு மேற்கே மானாவாரிக் காடு மட்டும் உள்ள ஒரு சிறிய வளவில் 1934ஆம் ஆண்டு பிறந்தார். அவருக்குப் பதின்மூன்று வயதாகும்போது அப்பா காலமானார். எனக்கு அப்போது ஆறு வயது. இடையில் அக்கா ஒருவர். கிணற்றில் தண்ணீர் இல்லை, காட்டில் விளைச்சல் இல்லை. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கிழங்கு ஆலைக்கு வேலைக்குப் போனார். குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து ஜவ்வரிசி செய்யும் ஆலை அது. அவர் வேலைக்குப் போனதால்தான் நான் ஐந்து வகுப்பு படித்தேன், அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. பிறகு நானும் அதே ஆலையில் சேர்ந்தேன்.

அண்ணனுக்குக் கொடுத்தது வறுக்கிற அடுப்பு. தொட்டியின் அடியில் படிந்த மாவை உதிர்த்து, துணித் தூளியில் போட்டுக் குலுக்கினால் மணி மணியாகத் திரளும். அதை எண்ணெய் தடவிய இரும்புத் தட்டில் போட்டு வறுக்க வேண்டும். காலையில் அடுப்பு முன் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. பீடி குடிப்பவர்கள் மட்டும் இடையில் போய் மர நிழலில் உட்கார்ந்து வரலாம். குடிக்காதவர்களுக்கு அந்த இடைவேளை கிடையாது. நான் ஒரு முறை அவர்களோடு போய் உட்கார்ந்ததற்கு மேற்பார்வையாளர், "உம்பட கையில பீடியே காணோம், நீ எதுக்குடா உக்காந்திருக்கற?" என்று எழுப்பி விட்டார். அண்ணன் பதினான்கு வயதில் பீடி பிடிக்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான். பீடி அவருக்குப் பிடித்துப்போனது பிற்பாடு. முதலில் பிடித்தது உட்காருவது.

அவருடைய நல்ல குணங்களை படையலுக்கு வருகிற நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அக்கா வீட்டுக் கிணறு சரிந்தபோது ஆலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய், கடைசிக் கூடை மண் வெளியே வரும்வரை உள்ளே நின்றவர் அவர். எனக்குப் பெண் பார்த்து, வீடு கட்டிக் கொடுத்து, காட்டைப் பாதியாகப் பிரிக்கும்போது நல்ல பாதியை எனக்குத் தள்ளியவர். கோபம் வந்தால் ஊரைக் கூட்டிப் பேசமாட்டார், வரப்பில் இறங்கி நடந்துவிட்டு வந்துவிடுவார். நடக்கும்போது ஒரு பீடி.

1980இல் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பீடியை விடு என்று சத்தம் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த கம்பவுண்டர்தான் உட்கார வைத்துப் பேசினார்.

"ஏனுங்க, உடுன்னா உட்ற முடியுங்களா? நானும் பத்து வருசம் குடிச்சவந்தான். அந்த ஆசை இருக்குது பாருங்க, அது காக்கா மாதிரி. வந்து அஞ்சு நிமிசம் கத்தும். நீங்க சோறு வெக்கலீன்னா பறந்துரும்."

"அந்த அஞ்சு நிமிசம் நானு என்னத்தைங்க பண்றது?" என்று அண்ணன் கேட்டார்.

"கைக்குத் தொட ஒண்ணு குடுங்க. மூக்குக்கு ஒரு வாசம். வாய்க்கு ஒரு ருசி. மனசு அதுக பின்னாடியே போயிரும். உங்குளுக்கு எது ஒத்துவரும்னு நீங்கதான் கண்டுபிடிக்கோணும்."

இதைக் கேட்க எளிதாக இருந்தது. செய்வது அப்படி இல்லை. முதலில் கிராம்பை வாயில் அடக்கினார். நாக்கு வெந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அடுத்து நான் ஆற்றுக் கூழாங்கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். உருட்டிக்கொண்டே இருந்தவர் மூன்றாம் நாள் அதை நாய் மேல் வீசிவிட்டு, பெட்டிக்கடைக்குப் போய்விட்டார். அண்ணி எலுமிச்சை இலையைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். கசக்கி முகர்ந்தால் கொஞ்சம் தாங்குகிறது என்றார். ஆனால் அவருடைய சைக்கிள் சீட்டுக்கு அடியில் பாதி குடித்து அணைத்த பீடிகளை நான் எடுத்தேன். என் மேல் கோபம், அவர் மேல் கோபம், அந்தக் கம்பவுண்டர் மேலும் கோபம். "இதெல்லாம் வேலைக்கு ஆவாதுங்ண்ணா" என்று நானே சொல்லிவிட்டேன்.

"நீ கொஞ்சம் சும்மா இருடா தம்பி" என்றார். அவர் முயற்சியை விடவில்லை என்பதை நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். நான்தான் முதலில் விட்டேன்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் தொட்டி கழுவும் பெண்கள் வராததால் அண்ணன் இறங்கி மாவை வழித்தார். அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. தண்ணீர் சரியாக நிற்கும் மாவைக் கையில் அள்ளி இறுக்கினால் கல் போல ஆகும். இறுக்கத்தை விட்டால் பால் போல விரலிடுக்கில் ஒழுகும். மறுபடி இறுக்கினால் மறுபடி கல். அதோடு குளிர்ச்சி வேறு. முப்பது வருடங்களுக்கு மேல் அந்த மாவோடு இருந்தவர் அதை அன்றுதான் தொட்டது போல நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "இதைப் புடிச்சுப் பாருடா. காக்கா பறந்துருச்சு" என்றார்.

அன்றிலிருந்து ஒரு சிறிய தூக்குப்போசியில், அதாவது பிடியும் மூடியும் உள்ள பாத்திரத்தில், ஈரமாவு எடுத்துக்கொண்டு திரிந்தார். ஆசை வந்தால் மூடியைத் திறந்து கையை விடுவார். அடுப்பை ஊதுகுழலால் ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடுவார். இறுக்குவார், விடுவார். பிறகு கையைக் கழுவிவிட்டு எலுமிச்சை இலையை முகர்வார். ஆலை முதலாளி அவரை அடுப்பிலிருந்து தூளி குலுக்கும் இடத்துக்கு மாற்றிக் கொடுத்தார். தூளி ஒரே சீராகப் போய் வரும் அந்தச் சத்தமும் மனதுக்கு இதமாக இருக்கிறது என்று அண்ணன் சொன்னார்.

எங்கள் மச்சான் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா?

"என்னுங்க மச்சான், தூக்குப்போசியில பால் கொண்டுக்கிட்டுப் போறீங்க? ஆருக்கு ஊட்டறதுக்கு?"

"உங்குளுக்குத்தான் மாப்ள. வாயில ஊத்துனா அப்பவாச்சும் மூடுதான்னு பாக்கோணும்" என்றார் அண்ணன். மச்சானே சிரித்துவிட்டார்.

ஆவணியில் விட்டவர் வைகாசி வரை ஒரு பீடிகூடத் தொடவில்லை. ஒன்பது மாதம். ஏரிக்கரை மேட்டை நிற்காமல் ஏறினார். அண்ணி அந்த ஒன்பது மாதத்தைத்தான் இன்றும் பேசுகிறார்.

வைகாசியில் என் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மோகனூர்ப் பக்கம். எங்கள் வழக்கப்படி பெண்ணின் பெரியப்பா வாசலில் நின்று வருகிறவர்களுக்குத் தட்டு நீட்ட வேண்டும். தட்டில் சந்தனம், வெற்றிலை, பாக்கு, பிரித்த பீடிக்கட்டு, சிகரெட்டு எல்லாம் இருக்கும். முதல் நாளே நான் மச்சானிடம் தயங்கித் தயங்கி, பீடி இல்லாமல் தட்டு வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"ஏன் மாப்ள, உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? தட்டுல பீடி இல்லாத கல்யாணத்த எங்காச்சும் பாத்திருக்கறயா? மோகனூர்க்காரங்க ஊடு போயிச் சேர்ற வரைக்கும் சிரிப்பாங்க."

நான் கடைக்குப் போய்ப் பீடிக்கட்டு வாங்கி வந்தேன். நானே வாங்கினேன். நானே கட்டைப் பிரித்துத் தட்டில் அடுக்கினேன்.

தட்டைக் கையில் கொடுத்தபோது அண்ணன் அதைப் பார்த்தார். "இது வேணுமாடா?" என்று மெதுவாகக் கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

"கொஞ்ச நேரந்தானுங்ண்ணா" என்றேன்.

அண்ணனை விட்டால் அங்கே நிற்க வேறு பெரியவர் இல்லை என்று நினைத்தேன். அவரை நிற்க வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்றும் நினைத்தேன். அந்த மரியாதைதான் அவரைக் கெடுத்தது. தட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். போசி பெஞ்சுக்கு அடியில் இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் ஒரு பீடி எடுத்துப் பற்ற வைத்து, இன்னொன்றை எடுத்து, "நீங்களும் புடிங்க சம்பந்தி, நின்னு நின்னு களைச்சுப் போயிட்டீங்க" என்று அண்ணன் உதட்டருகே நீட்டினார். புது உறவு. எப்படி மறுப்பது? நான் பத்தடி தூரத்தில் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'வேண்டாங்க, அண்ணன் விட்டுட்டாருங்க' என்று மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அண்ணன் உதட்டில் வாங்கி இழுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எத்தனையோ முறை முயன்றார். பத்து நாள், மூன்று வாரம் என்று போகும், திரும்பிவிடும். போசியை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "முன்ன மாதிரி இல்லீடா" என்பார். மாவு அதே மாவுதான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

போன வருடம் மாசியில் படுக்கையில் விழுந்தார். கடைசி நான்கு நாள் மூச்சு விட மிகவும் சிரமப்பட்டார். பீடி கேட்கவில்லை. ஒரு மத்தியானம் என்னைப் பார்த்துக் கையை மூடி மூடித் திறந்தார். எனக்குப் புரிந்தது. ஆலைக்கு ஓடினேன். தொட்டிப் பெண்கள் கேள்வி கேட்காமல் போசி நிறைய வழித்துக் கொடுத்தார்கள். கையில் வைத்தேன். இறுக்க அவருக்குப் பலமில்லை, நான் என் கையால் அவர் கையை மூடி இறுக்கினேன், விட்டேன். அவர் உதட்டைக் குவித்து ஊதினார். கொஞ்ச நேரம் முகம் தெளிந்தது. மறுநாள் காலை அண்ணன் நம்மை விட்டுப் போனார். குளிப்பாட்டும்போது அவர் விரல் இடுக்கில் மாவு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

காரியத்தன்று படையல் போட்டோம். அவருக்குப் பிடித்தது எல்லாம் இலையில் வைக்க வேண்டும் என்று ஒரு பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் யாரோ வைத்தார்கள். ஒன்றைப் பற்ற வைத்து இலை ஓரத்தில் வைப்பது வழக்கம். மகன்தான் பற்ற வைக்க வேண்டும் என்றார் மச்சான். தீக்குச்சியைக் காட்டினால் மட்டும் பீடி பிடிக்காது. "வாயில வெச்சு ஒரு இழுப்பு இழு சாமி, அப்பத்தான் புடிக்கும்" என்றார். அதுவரை பீடியைத் தொடாத அண்ணன் மகன் அப்பா படத்துக்கு முன்னால் இழுத்தான், இருமினான். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவன் சட்டைப் பையில் ஒரு கட்டு இருக்கிறது. அப்பாவின் நினைவுக்கு என்கிறான்.

எங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவசரமில்லாமல் உட்கார வைத்துப் பேசிய கம்பவுண்டருக்கும், வேலை மாற்றிக் கொடுத்த முதலாளிக்கும், காலையில் போசியை நிறைத்துக் கொடுத்த தொட்டிப் பெண்களுக்கும், ஒன்பது மாதமும் இலை பறித்து அனுப்பிய அண்ணிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் மச்சானுக்கும் நன்றி. மூன்று ஊருக்குச் சைக்கிளிலேயே போய்த் துக்கம் சொல்லி, விறகிலிருந்து பந்தல் வரை ஓடி ஓடிச் செய்தவர் அவர். இதைப் படித்து அவருக்குக் கோபம் வரலாம். வரட்டும். நேரில் சொல்லத் தெரியாததால் எழுதிவிட்டேன்.

வருடப் படையலுக்கு இலை போடும்போது பீடி வைக்க மாட்டோம். தயவுசெய்து யாரும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். இலையில் அண்ணனுடைய தூக்குப்போசி இருக்கும், அன்று காலை வழித்த மாவோடு. முதல் பிடியை அவருடைய மகன் எடுக்கட்டும். பிறகு பீடிப் பழக்கம் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு பிடி எடுத்து ஐந்து நிமிடம் இறுக்கிப் பாருங்கள். கை கழுவத் தண்ணீர் பக்கத்திலேயே வைத்திருப்போம்.

வாசலில் இந்த முறை தட்டோடு நான் நிற்பேன். வெற்றிலையும் பாக்கும் மட்டும் இருக்கும். பீடி கேட்பவர்களுக்கு "இல்லீங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை இந்த ஒரு மாதமாக மாட்டுக் கொட்டகையில் நின்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பல நாள் தள்ளிப்போட்டு எழுதி முடித்தது,
9-3-1986.