மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத கடிதம்

நாலு வருசத்துக்கு முந்தி, ஒரு பங்குனி மாதம் நடந்தது இது. நாங்கள் அப்போது திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சீனன்குடாப் பக்கம், துறைமுகத்தோரத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. இயந்திரங்களைக் குளிராக்க எடுக்கிற கடல்நீரைச் சோதித்துப் படிவத்தில் எழுதுவதுதான் நாள்முழுக்க. என் கணவர் தோப்பூரில் கணித ஆசிரியர். மகளுக்கு நாலு வயது.

ஆறு வருசமாக ஒரே தண்ணீரை ஒரே மாதிரிச் சோதித்துக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. அந்தத் தண்ணீருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று படிக்கவேண்டும். அதற்குக் கலாநிதிப் பட்டம் செய்யவேண்டும், அதுவும் வெளிநாட்டில். கணவரிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப விண்ணப்பத்தை எப்ப போடப்போறீர்?" என்று மட்டும் கேட்டார்.

ஏழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். 'நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்' என்று ஒரு கட்டுரை கேட்பார்களே, அதை எத்தனை தரம் திருப்பி எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆங்கிலப் பரீட்சைக்குக் கொழும்புக்குப் போய் வந்தேன். சான்றுக் கடிதம் கேட்டு, எட்டு வருசமாக எட்டிப்பார்க்காத கம்பஸ் விரிவுரையாளர்களின் வாசலில் போய் நின்றேன். பிறகு காத்திருப்பு. ஐந்து இடம் கைவிரித்தது. இரண்டு இடம் வரச்சொன்னது, இரண்டும் புலமைப்பரிசிலோடு.

ஒன்று, பேரைச் சொன்னாலே எல்லாரும் புருவத்தைத் தூக்குகிற பல்கலைக்கழகம். மற்றது, குளிரான ஒரு சின்ன ஊரில் இருந்தது. அந்த ஊரை நானே வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டு பேராசிரியர்களோடும் கணினியில் நேருக்கு நேர் கதைத்தேன். சின்ன ஊர்க்காரர் சிரிக்கவே இல்லை. நாற்பது நிமிடம் என் கடல்நீரைப் பற்றியே குடைந்து குடைந்து கேட்டார். 'கட்டையில போற மனிசன், உலர்ந்த பேர்வழி' என்று மனதுக்குள் திட்டினேன். பெரிய இடத்துப் பேராசிரியரோ அப்படியொரு அன்பு! மகளைக் கமராவுக்கு முன்னால் கூப்பிட்டு விசாரித்தார். திருகோணமலைக் கடற்கரையில் திரிகிற மான்களைப் பற்றிக் கேட்டார். "எங்கட ஆய்வுகூடம் ஒரு குடும்பம் மாதிரி. இங்க வந்தா நீங்களும் அந்தக் குடும்பம்தான்" என்றார். அடுத்த திங்களுக்குள் பதில் வேண்டும் என்றும் சொன்னார். என் ஆராய்ச்சியைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த நாளே, புதன்கிழமை, சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு 'நன்றி, நான் வரவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். சந்தோசத்தில் கை நிற்கவில்லை. பெரிய இடத்துக்கு ஓம் என்று எழுத மட்டும் திங்கள்வரை நேரம் இருந்தது. வேலைத்தலத்தில் மேலாளர் கேக் வாங்கி வெட்டினார். தம்பலகாமத்தில் இருக்கிற என் அம்மா, கோயிலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பல்கலைக்கழகத்தின் பேரைச் சொல்லி, அந்தப் பேர் வாயில் நுழையாமல் எனக்குத் திருப்பித் திருப்பி ஃபோன் எடுத்துக் கேட்டா.

பேராசிரியர் தன்னுடைய மாணவர்கள் இரண்டு பேரின் முகவரியைத் தானாகவே தந்திருந்தார். எழுதிக் கேட்டேன். இருவரும் நீளமாகப் புகழ்ந்து எழுதினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினேன். அதில் இரண்டு கட்டுரைகளில் முதல் பேராக ஒரு சிங்களப் பேர் இருந்தது. எங்கள் நாட்டுப் பிள்ளை! ஆனால் ஆய்வுகூடத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் பேர் இல்லை. படித்து முடித்துப் போயிருப்பா என்று நினைத்தேன். தேடிப் பிடித்து, ஊர்ப்பாசத்தில் ஒரு கடிதம் போட்டேன். படிப்பு முடிய எத்தனை வருசம் ஆனது, இடையில் வீட்டுக்கு வந்துபோக முடிந்ததா, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று மூன்றே மூன்று கேள்வி.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. நல்ல ஆய்வுகூடம், நல்ல கட்டுரைகள் வரும், வாழ்த்துக்கள். அவ்வளவுதான்.

'பார்த்தீங்களா, இவவும் நல்லதெண்டுதான் சொல்றா' என்று கணவருக்குக் காட்டினேன். மனிசன் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"மூண்டு கேள்வி கேட்டிருக்கிறீர். ஒண்டுக்கும் பதில் இல்லை. சோதனையில எண்டா நான் இதுக்குப் பூச்சியம்தான் போடுவன்."

"அவவுக்கு நேரமில்லாமல் இருந்திருக்கும்."

"நேரமில்லாட்டிப் பதிலே போட்டிருக்க மாட்டா. இது விடை தெரியாமல் விட்ட தாள் மாதிரி இல்லை. தெரிஞ்சுகொண்டு விட்ட தாள்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல நேரத்தில் இந்த மனிசன் குறை கண்டுபிடிக்கிறாரே என்று. ஆனாலும் அந்தக் கதை மனதில் ஒட்டிக்கொண்டது. 'உங்களோடு ஒருதரம் கதைக்கலாமா?' என்று இன்னொரு வரி எழுதினேன். ஒரு ஃபோன் எண் மட்டும் வந்தது. வேறு ஒரு சொல் இல்லை.

சனிக்கிழமை காலை, குசினியில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே எடுத்தேன். அவவுக்கு அது வெள்ளி பின்னேரம். ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். அவவின் முதல் கேள்வி, "நீங்கள் தனியவா நிக்கிறீங்கள்?" பிறகு பொதுவாக ஏதோ கதை. குளிர், சாப்பாடு, அனுராதபுரத்தில் அவவின் வீடு. நான் கேட்டதற்கு மட்டும் வழுக்கி வழுக்கிப் பதில். சரி, நன்றி சொல்லி வைத்துவிடுவோம் என்று நினைத்த நேரம் மகள் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மா, சீனி போட்டுத் தாங்கோ" என்றாள்.

"அது யார்?" என்று கேட்டா.

"என்ர மகள். நாலு வயசு."

"பிள்ளையும் வரப்போறாவா?" என்று கேட்டா. ஓம் என்றேன். "நங்கி" என்றா. சிங்களத்தில் தங்கச்சி. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் அவதான் கதைத்தா.

அங்கே உதவித்தொகை ஒவ்வொரு வருசமும் அந்தப் பேராசிரியர் கையெழுத்து வைத்தால்தான் நீளும். அவருக்குப் பிடிக்காத ஏதாவது சொன்னால் சண்டை பிடிக்கமாட்டாராம். சிரித்துக்கொண்டே, 'உம்முடைய விசா எப்ப முடியுது?' என்று கேட்பாராம். அவவின் அப்பா வருத்தமாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு கிழமை லீவு கேட்டிருக்கிறா. இந்த மாதம் ஏலாது என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் அப்பா இல்லை. செத்தவீட்டை ஃபோனில்தான் பார்த்தாவாம். கடைசியில் நாலாவது வருசம், பட்டம் இல்லாமலே வெளியில் வந்து, இப்போது வேறு ஒரு பல்கலைக்கழகத்தில் முதலில் இருந்து தொடங்கியிருக்கிறா.

"அப்ப அந்த ரெண்டு மாணவரும் அவ்வளவு நல்லா எழுதியிருக்கினமே?" என்று கேட்டேன்.

"நானும் எழுதினனான், நங்கி. உங்களை மாதிரிக் கேட்ட மூண்டு பேருக்கு எழுதினனான். அனுப்ப முதல் தனக்குக் காட்டச் சொல்லுவார். அந்த மூண்டு பேரில ஒருத்தி நம்பி வந்திட்டா. இண்டைக்கும் அவவின்ர முகத்தை நேர பார்க்க எனக்கு ஏலாது."

கடிதத்தில் ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. அவவே சொன்னா. புதிய இடத்திலும் அந்தப் பேராசிரியருக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் கொடுத்தால் அது யார் கைக்குப் போகும் என்று தெரியாது. "என்ர பேர் மட்டும் வெளியில வரவேண்டாம்" என்றா. நான் யார், எப்படிப்பட்டவள் என்று அவவுக்கு ஒன்றும் தெரியாது. என்னை நம்பித்தான் சொன்னா.

ஃபோனை வைத்தபிறகு எனக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஒருபக்கக் கதைதானே? இடையில் விட்டு வந்தவருக்கு மனக்கசப்பு இருக்காதா? அந்த அன்பான முகம் என் கண்ணுக்குள் நின்றது. கணவர்தான் வழி சொன்னார்.

"அவரிட்டயே கேளும். ஆனா இந்தப் பிள்ளையின்ர நிழல்கூட அதில விழக்கூடாது."

மிகவும் பணிவாக எழுதினேன். உதவித்தொகை முழு நாலு வருசத்துக்கும் என்று எழுத்தில் தரமுடியுமா, வீட்டில் யாருக்காவது கடும் வருத்தம் என்றால் சில கிழமை வந்துபோகலாமா, இந்த இரண்டும்தான்.

ஞாயிறு காலை பதில் இருந்தது. மகளை விசாரிக்கவில்லை. மான்கள் இல்லை. ஒரு வணக்கம்கூட இல்லை. 'இதைக் கேட்கச் சொல்லி உமக்கு யார் சொன்னது? யாரோடு கதைத்தீர்?' ஒற்றை வரி.

அந்தக் கேள்வியிலேயே எனக்கு முழுப் பதிலும் கிடைத்துவிட்டது. ஆனால் இப்போது எனக்கு என்னைப் பற்றிய பயத்தைவிட அவவைப் பற்றிய பயம்தான் கூட. 'என் கணவர் கணித ஆசிரியர். எதையும் எழுத்தில் பார்க்காமல் நம்பமாட்டார்' என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. 'இப்படிக் கேள்வி கேட்பவர்கள் எனக்குத் தேவையில்லை. வெளியில் பலர் காத்திருக்கிறார்கள். ஓம் அல்லது இல்லை என்று சொல்லும்' என்று வந்தது. இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

அனுப்பியபிறகுதான் என் நிலை எனக்கு விளங்கியது. மற்ற இடத்தை நானே புதன்கிழமை உதறிவிட்டேனே! ஐந்து இடம் மறுத்தது, இரண்டு இடத்தை நான் மறுத்துவிட்டேன். கணக்குச் சரி, கையில் ஒன்றும் இல்லை. வெட்கத்தை விட்டு அந்தச் சின்ன ஊருக்கு எழுதினேன். நான் அவசரப்பட்டுவிட்டேன், என் இடம் இன்னும் இருந்தால் தாருங்கள், இல்லையென்றால் அது என் பிழை.

திங்கட்கிழமை போல ஒரு நாள் எனக்கு வரவேண்டாம். வேலைத்தல வான் வண்டியில் எல்லாரும் எப்போது பயணம் என்று கேட்கிறார்கள். நான் சிரித்துச் சமாளிக்கிறேன். அம்மா ஃபோன் எடுக்கிறா. நான் தூக்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால், கணவர் கதிரையில் முகம் வாடி இருக்கிறார். "நான் அண்டைக்கு அந்தப் பூச்சியத்தைப் போடாமல் விட்டிருக்கலாம்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

செவ்வாய் காலை வான் சீனன்குடாவை நெருங்கும்போது ஃபோன் கிணுங்கியது. அந்தச் சின்ன ஊர்ப் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா எழுதியிருந்தா. போன கிழமை முழுக்க அவ லீவாம். வேலைக்கு வந்து பெட்டியைத் திறந்தால் என்னிடமிருந்து இரண்டு கடிதம். ஒன்றில் வரவில்லை என்கிறேன், மற்றதில் வருகிறேன் என்கிறேன். 'முதல் கடிதத்தை நான் இன்னும் ஒருவருக்கும் காட்டவில்லை. இரண்டாவதுதான் சரியானது என்று எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டிருந்தா.

வானுக்குள் இருந்து சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை பயந்து, தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். முகம் தெரியாத ஒரு அம்மா ஒரு கிழமை லீவு எடுத்ததால் எனக்கு என் இடம் திரும்பக் கிடைத்தது. நாலு நாளாக நெஞ்சில் இருந்த கல் அந்த வானிலேயே இறங்கிவிட்டது.

மேலாளரிடம் போய், இடம் மாறிவிட்டது என்று தலைகுனிந்து சொன்னேன். "எந்த யுனிவர்சிட்டிக்கு வெட்டினதெண்டு கேக்குக்குத் தெரியாது பிள்ளை, போய் வேலையைப் பாரும்" என்றார். அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் கவலை. ஆனால் புதுப் பேர் சின்னது, வாயில் நுழைந்தது.

அந்த அனுராதபுரத்து அக்காவுக்கு இரண்டு வரி அனுப்பினேன். நான் அங்கே போகவில்லை, உங்கள் பேர் எங்கேயும் வரவில்லை. 'இண்டைக்கு நல்லா நித்திரை கொள்ளுவன்' என்று பதில் வந்தது.

நான் போய்ச் சேர்ந்து ஆறு மாதத்தில் கணவரும் மகளும் வந்துவிட்டார்கள். உலர்ந்த பேர்வழி என்று நான் திட்டிய பேராசிரியர் இன்றைக்கும் அதிகம் சிரிப்பதில்லை. ஆனால் போன வருசம் என் அப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை என்று சொன்ன அன்றே, 'போய் வாருங்கள், உங்கள் தண்ணீர் மாதிரிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதினார். ஆறு கிழமை தம்பலகாமத்தில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்பா எழும்பி நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். விமானத்தில் ஏறும்போது, தன் அப்பாவின் செத்தவீட்டை ஃபோனில் பார்த்த அந்த அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அவ இப்போது தன் பட்டத்தை முடித்துவிட்டா. நாங்கள் இன்னும் நேரில் சந்தித்ததில்லை. ஊரிலிருந்து யாராவது பிள்ளைகள் 'நான் இந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன், எப்படி அக்கா?' என்று எழுதிக் கேட்டால், நான் எண்ணைக் கேட்டு வாங்கி நேரே ஃபோன் எடுத்துவிடுகிறேன். முகம் தெரியாத ஒருத்திக்காகத் தன் பிழைப்பையே ஆபத்தில் வைத்து ஒரு மனுசி உண்மை சொன்னதால்தான் நான் நிம்மதியாக இருக்கிறேன் என்பது, அந்தப் பிள்ளைகளோடு கதைக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் புதிதாகவே விளங்குகிறது.